மூன்று சாட்சிகளும் ஒரு கீரியும்

ஏலமலைக் காட்டில் மிருகங்களுக்கு ஒரு கல்லூரி இருந்தது. அதன் நூலகம் ஓர் இலுப்பை மரப் பொந்து. பொந்து என்றால் சின்னப் பொந்தா? முதலாண்டில் புத்தகம் எடுக்க உள்ளே போன நத்தை ஒன்று, பேரன் பேத்திகளோடுதான் வெளியே வந்தது!

நூலகர் மரகதம்மாள் ஒரு மரங்கொத்தி. அந்த வருடம் அவர் புதிதாக ஒரு தேர்வு வைத்தார்.

“தாமரைக் குளம், ஆம்பல் குளம், இரண்டில் ஒன்றில் முதலை இருக்கிறது. எதில் இல்லை என்று தேடி விசாரித்து, மூன்று சாட்சி கொண்டு வாருங்கள். பிறகு அந்தக் குளத்தில் இறங்கி மூன்று மடக்குத் தண்ணீர் குடிக்க வேண்டும். முதலில் குடிப்பவருக்கு நூலகத்தின் சன்னலோர இடம் ஆயுளுக்கும் சொந்தம்!”

“தோற்றால் மறுதேர்வு உண்டா, அம்மா?” என்று நடுங்கியது முயல்.

“மறுபிறவிதான் உண்டு!”

மாணவர்களில் வித்தகன் என்ற கீரியும் ஒருவன். வருடம் முழுக்க அவன் நூலகத்துக்குப் போனதே தூங்கத்தான். ஆனால் குறுக்குப் புத்திக்குக் குறைச்சல் இல்லை. ‘வேறு எவனையாவது முதலில் குளத்தில் இறக்கிவிட்டால்? பிழைத்தால் பின்னாலேயே போகலாம். பிழைக்காவிட்டால் மற்றக் குளம்!’

நேரே கிளியிடம் போனான்.

“தங்கச்சி, சங்கதி தெரியுமா? தாமரைக் குளத்துல முதலையே கிடையாதாம்!”

கிளிக்கு அது போதாதா? முயலிடம் ஓதியது. முயல் அதை இலையில் குறித்து அலமாரியில் வைத்தது. மயில் அந்தக் குறிப்பைப் படித்து, ஓரமெல்லாம் கோலம் போட்ட நோட்டீஸாக எழுதி வாசலில் ஒட்டியது.

தேர்வு நாள் வந்தது. யாரும் குளத்தில் இறங்குகிற வழியாக இல்லை. சரி, சாட்சியையாவது எழுதி வைப்போம் என்று வித்தகன் கிளம்பினான். கிளியைக் கேட்டான். “தாமரைக் குளம் பத்திரம்!” என்றது. அலமாரியைத் திறந்தான். முயலின் குறிப்பிலும் அதேதான். வாசலுக்கு வந்தான். நோட்டீஸிலும் அதேதான்!

வித்தகனுக்கு மெய் சிலிர்த்தது. ‘அடடா! நான் சும்மா அடித்துவிட்டது நிஜமாகவே இருந்திருக்கிறதே! படிக்காமலே இவ்வளவு தெரிந்திருக்கிறதே எனக்கு!’ சன்னலோர இடத்தில் இப்போதே தூக்கம் சொக்கியது.

அப்போது கடம்பி என்ற காட்டெருமை மூச்சு வாங்க எதிரே வந்தாள்.

“அண்ணே, நில்லுங்க! மயில் முயலைக் கை காட்டுது, முயல் கிளியைக் கை காட்டுது, கிளி உங்களைக் கை காட்டுது. உங்களுக்கு யாருண்ணே சொன்னது?”

“அடி மந்தபுத்தி! எனக்கா? மூணு பேர் சொல்றாங்களே, அது போதாதா?”

“அந்த மூணு பேருக்கும் சேதி உங்ககிட்ட இருந்துதானே போச்சு!”

“பொறாமை! உனக்குச் சன்னல் கிடைக்காதுன்னு பொறாமை!”

ஒரே பாய்ச்சல். தாமரைக் குளத்தில் தொபுக்கடீர்! ஒரு மடக்கு குடித்தான். இரண்டாவது மடக்கில் எதிரே இரண்டு கண்கள் மிதந்தன.

“வாங்க தம்பி!” என்றது முதலை. “இந்தக் குளத்துல முதலை இல்லைன்னு நோட்டீஸ் போட்டிருக்காங்களாமே! மூணு நாளா எனக்கே சந்தேகம், நான் இருக்கேனா இல்லையான்னு. உங்களை ஒரு கடி கடிச்சுப் பார்த்துக்கட்டுமா?”

கடித்தும் பார்த்தது. வித்தகன் கரையேறியபோது வாலில் பாதி முதலையின் வாயிலேயே நின்றுவிட்டது.

பாதி வாலைப் பார்த்த மாணவர்கள் அத்தனை பேரும் ஆம்பல் குளத்துக்கு ஓடினார்கள். கடம்பிதான் முதலில் குடித்தாள். சன்னலோர இடமும் அவளுக்கே. அவள் உட்கார்ந்ததும் நூலகத்துக்கு வெளிச்சமே வராமல் போனது வேறு விஷயம்!

“அம்மா, எனக்கு எத்தனை மார்க்?” என்று முனகினான் வித்தகன்.

“உனக்கு மார்க் இல்லை. ஆனால் இந்தத் தேர்வில் கிடைத்த ஒரே அசல் சாட்சி உன் வால்தான்!” என்றார் மரகதம்மாள்.

ஒரு சேதியை எத்தனை பேர் சொல்கிறார்கள் என்று எண்ணாதே. முதலில் சொன்னவர் யார், அவருக்கு எப்படித் தெரியும் என்று கேள்.