குடம் போகும் வழி

முன்னொரு காலத்திலே, ராஜாவுக்கு ஆசை பிறந்தால் குடிகளுக்குத் தூக்கம் போய்விடும் என்றிருந்த காலத்திலே, ஒரு நாட்டு மன்னருக்குத் தம் அதிகாரிகளையெல்லாம் ஒரே இடத்தில் குடிவைத்துப் பார்க்கும் ஆசை வந்தது. உடனே அமைச்சர் மழவராயர், செக்கடித் தெருவுக்குப் பின்னாலிருந்த வண்டிப்பேட்டையை அழித்து, மாடி வீடுகளாகக் கட்டித் தள்ளிவிட்டார். வீட்டுக்கு வீடு கூடம் இருந்தது, ஊஞ்சல் இருந்தது. வண்டி நிறுத்த மட்டும் இடமில்லை. வண்டிப்பேட்டையின் மேலேயே வீட்டைக் கட்டினால் வண்டி எங்கே நிற்கும்? செக்கடித் தெருவில் நின்றது.

அந்தத் தெருவில்தான் அரண்மனை விகடகவி வெண்காடர் குடியிருந்தார். ஊரையே சிரிக்க வைக்கும் அந்த மனிதருக்குச் சில மாதங்களாகச் சிரிப்பே வரவில்லை. வாசலை அடைத்து ஒருவருடைய ரதம், எதிர்ச்சுவரை ஒட்டி இன்னொருவருடைய பல்லக்கு, நடுவே அவிழ்த்துவிட்ட மாடுகள். கேட்டால், "இதோ எடுத்துடறோங்க" என்பார்கள். அந்த 'இதோ' சாயங்காலம் வரை நீளும்.

அதையும் பொறுத்துக்கொண்டிருப்பார். ஆனால் மகள் உமையாள் பிரசவத்துக்குப் பிறந்தகம் வந்திருந்தாள். மருத்துவச்சி ஆவுடையோ முழங்கால் வாதக்காரி, கனத்த சரீரம். மாட்டுவண்டி வாசலில் போய் நின்றால்தான் இறங்குவாள். போன மாதம் பக்கத்து வீட்டுப் பிரசவத்துக்கு வந்தவள், வண்டி நுழைய முடியாமல் தெருமுனையில் உட்கார்ந்தபடியே, "இடுப்பப் பிடிங்கடி! வெந்நீர் வைங்கடி!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். ஏதோ யார் செய்த புண்ணியமோ, தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

"எனக்கும் அப்படித்தானாப்பா?" என்று உமையாள் கேட்டதும் வெண்காடர் மேல்துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

சபையில் போய் முறையிட்டார். மழவராயருக்கு அவர்மேல் பழைய வயிற்றெரிச்சல். தாம் பேசினால் கொட்டாவி விடும் மன்னர், இந்த ஆள் வாயைத் திறந்தாலே நிமிர்ந்து உட்காருகிறாரே!

"மன்னர் பெருமானே, குடச்சோதனை இருக்க, வாய்ப்பேச்சு எதற்கு?" என்றார் மழவராயர்.

அந்த நாட்டில் ஒரு பழைய வழக்கம் உண்டு. நிறைகுடத்தை இடுப்பில் வைத்த ஒரு பெண் தண்ணீர் சிந்தாமல் கடந்துவிட்டால் அது வழிதான். அதன்பிறகு யாரும் வழக்காடக் கூடாது. கிணற்றுக்கு மட்டுமே வழி தேவைப்பட்ட காலத்தில் செய்த சட்டம் அது. மழவராயர் அரண்மனையிலேயே மெலிந்த பணிப்பெண்ணாகப் பார்த்து, செம்பைவிடச் சற்றே பெரிய குடத்தைக் கொடுத்தனுப்பினார். அவள் பல்லி மாதிரி சுவரோடு ஒட்டிக்கொண்டு, ஒரு சொட்டும் சிந்தாமல் தெருவைக் கடந்துவிட்டாள்.

"வழி இருக்கிறது. வழக்குத்தான் பொய்," என்றார் மழவராயர். "வண்டிகள் நிற்க வேறு இடம் உண்டென்றால் விகடகவியாரே காட்டட்டும். வீடு எதுவும் இடிபடக் கூடாது. வண்டி எதுவும் நகர எல்லையைத் தாண்டக் கூடாது."

மன்னருக்கு வேடிக்கை பார்க்கும் ஆசை. "நன்று! வெண்காடரே, நாளைப் பொழுது சாய்வதற்குள் அத்தனை வண்டிகளுக்கும் இடம் கண்டு நிறுத்தும். சட்டப்படி வழியும் விட வேண்டும். தவறினால் நாட்டை விட்டே வெளியேற வேண்டும்."

"உத்தரவு மன்னா," என்று குனிந்து வணங்கிவிட்டு வெண்காடர் வீடு திரும்பினார்.

மறுநாள் காலையில் உமையாளுக்கு வலி கண்டது. ஆவுடைக்கு ஆள் அனுப்பிவிட்டு வெண்காடர் தெருவில் வந்து நின்றார். "ராஜ உத்தரவு! வண்டியெல்லாம் என் பின்னால வரட்டும்!"

"எங்கேங்க போறோம்?" என்றார்கள் வண்டிக்காரர்கள்.

"அரண்மனைக்குத்தான். இந்த ஊர்ல வேற எங்கப்பா அவ்வளவு இடம் கிடக்குது?"

மாலையில் ஆற்றங்கரை மண்டபத்துக்குப் போக மன்னர் பட்டத்து யானைமேல் ஏறினார். அரண்மனைப் படியிலிருந்து வெளிவாசல் வரை முற்றமெங்கும் ஒரே வண்டி. யானை தூக்கிய காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றது.

"யார் செய்த வேலை இது?" என்று மன்னர் கர்ஜித்தார்.

இரண்டு ரதங்களுக்கு நடுவிலிருந்து வெண்காடர் வெளியே வந்தார். "தங்கள் உத்தரவுதான் மன்னா. வீடு இடியவில்லை, வண்டி எல்லை தாண்டவில்லை. சட்டப்படி வழியும் விட்டிருக்கிறேன்." கையைத் தட்டினார். அதே பணிப்பெண் அதே குடத்தோடு, சிந்தாமல் வெளிவாசல் வரை போய்க் காட்டினாள்.

மழவராயருக்குப் பொறுக்கவில்லை. "மன்னர் யானைமேல் செல்பவர்! குடம் போகிற சந்தில் அவர் எப்படிப் போவார்?"

"ஆவுடையும் வண்டியில் போகிறவள்தான், அமைச்சரே," என்ற வெண்காடர் மன்னரை நிமிர்ந்து பார்த்தார். "மன்னா, இன்று எனக்கு விகடம் வரவில்லை. காலையிலிருந்து என் மகள் பிரசவ வலியில் கிடக்கிறாள். இவையெல்லாம் இங்கே நிற்பதால்தான் மருத்துவச்சியின் வண்டி என் வாசலில் நிற்கிறது. வேண்டுமானால் என்னை நாடு கடத்துங்கள். வண்டிகளை மட்டும் இன்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள்."

மன்னர் முற்றத்து வண்டிகளை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். அப்போது வெளிவாசலுக்கு அப்பாலிருந்து ஒரு குரல் கிளம்பியது.

"வெண்காடரே! யாருய்யா இப்படி வழிய அடைச்சு வச்சிருக்கிறது? என் வண்டி நுழைய மாட்டேங்குது! பேத்தி பொறந்திருக்கா! தாயும் சேயும் சுகம்! எனக்கு வெத்தல பாக்கு எங்கய்யா?"

வெண்காடர் பக்கத்து வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். மன்னருக்குச் சிரிப்பு பொங்கியது. அவர் குலுங்கிய குலுங்கலில் அம்பாரியே ஆடியது.

"இனிக் குடச்சோதனை கிடையாது. ஆவுடையின் வண்டி போனால்தான் அது வழி!" என்றார் மன்னர். "மழவராயரே, நாளை முதல் உம்முடைய பூந்தோட்டம்தான் வண்டிப்பேட்டை. வெண்காடரே, உமக்கு நான்கு குதிரை பூட்டிய தேர் ஒன்று பரிசு!"

வெண்காடரின் முகம் வாடியது. "மன்னா, அதை நான் எங்கே நிறுத்துவேன்?"

மன்னர் மறுபடியும் சிரித்து, கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிப் போட்டார். வெண்காடர் அதை மடியில் முடிந்துகொண்டு, குடம் போகும் வழியில் உடம்பை ஒடுக்கி வெளியே வந்தார்.

செக்கடித் தெரு வெறிச்சென்று கிடந்தது. வீட்டுக்குள்ளிருந்து சின்னதாக ஓர் அழுகைக் குரல் கேட்டது. வெண்காடர் தெருவின் நட்டநடுவில், இரண்டு கைகளையும் வீசிக்கொண்டு, பேத்தியைப் பார்க்க நடந்தார்.