நூற்று நாலு சதவீதம் வாங்கிய அண்ணாச்சி

பாத்திரக்கடை செண்பகவேல் அண்ணாச்சிக்கு இன்னும் ஒரே ஒரு கையெழுத்துதான் தேவை. பத்தொன்பது சேர்ந்தாச்சு. இருபதாவது கையெழுத்து, சலூன்காரன் இசக்கிராஜா என்ற பெயரில் சவரக் கத்தியோடு அவர் தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தது.

விஷயம் இதுதான். பேரூராட்சித் தேர்தலில் கடைவீதி சார்பாக ஒரே ஆளை நிறுத்துவது என்று வியாபாரிகள் முடிவு கட்டியிருந்தார்கள். ஆசைப்பட்டவர்கள் ஐந்து பேர். ஐந்து பேரையும் உள்ளூர் கேபிள் டிவியில் பேசவிட்டு, அப்புறம் ஓட்டெடுத்து ஒருத்தரைப் பொறுக்க வேண்டும். ஆனால் டிவியில் ஏற இருபது கடைக்காரர்களின் கையெழுத்து வேண்டும். இன்றைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்குள் வேண்டும். அண்ணாச்சியின் வீட்டம்மா இப்போதே சொந்தக்காரர் அத்தனை பேருக்கும் போன் போட்டு, "நாளைக்கு டிவியில இவுக வாராக, மறந்துராதீங்க" என்று சொல்லி முடித்திருந்தாள். அண்ணாச்சியும் மீசைக்குக் கறுப்பு அடித்தாயிற்று. ஒரு கன்னம் சிரைத்தாயிற்று. மறு கன்னத்தில் நுரை.

"போடுதேன் அண்ணாச்சி," என்றான் இசக்கிராஜா. "ஆனா கேமராவைப் பார்த்தா நாக்கு ஒட்டிக்கிடுமாமே, நீங்க சமாளிப்பீங்களா?"

"யாரைப் பார்த்துலே கேக்க? அமெரிக்காவுல ஜனாதிபதிக்கு நிக்கவன் பேசுத டிபேட்டுக்கே தகுதி வாங்கினவன் நான்!"

பெஞ்சில் கிடந்த பேப்பர் மெல்ல இறங்கியது. பின்னாலிருந்து டயர்கடை கொம்பையாவின் முகம் வந்தது. கொம்பையாவின் கடை வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். கடைவீதிக் கணக்கில் அவர் கையெழுத்து செல்லாது. வாய் மட்டும் செல்லும்.

"மக வீட்டுக்குப் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கிடத்தானவே போனீரு?"

"போனது அதுக்குத்தான். விட்டானா? ஒரு வெள்ளைக்காரப் பையன் கதவைத் தட்டி," இங்கே அண்ணாச்சி மூக்கை அடைத்துக்கொண்டார், "'சார், எங்க கட்சியில பத்துப் பேரு நிக்காங்க, ஒருத்தனுக்கும் பேசத் தெரியல, நீங்கதான் காப்பாத்தணும்'ங்கான். தமிழ்லயான்னு கேக்காதீரும். கண்ணீர்ல சொன்னான்."

"சரி, மேல சொல்லும்."

"அங்க சும்மா மேடை ஏத்த மாட்டான் வே. முதல் சட்டம், ரெண்டு லட்சம் பேரு ஆதரவு வேணும். அதுவும் ஒரே ஊர்ல இருந்தா செல்லாது, இருபது மாநிலத்துல இருந்து வரணும். நான் அலட்டிக்கிடல. மக வீட்டுக் கொல்லையில போயி நின்னேன். இங்கருந்து கொண்டுபோன மூக்குப்பொடியில ஒரு சிட்டிகை. போட்டேன் பாரும் ஒரு தும்மல்! தும்மினா அந்த நாட்டுல என்னம்பான்? 'காட் பிளஸ் யூ'ம்பான். பதினாறு மாநிலத்துல இருந்து ஒரே நேரத்துல வந்துச்சு சத்தம். ஒவ்வொரு பிளஸ்ஸும் ஒரு ஆதரவு. எழுதிக்கிட்டான்."

"இருபதுன்னு சொன்னீரே?"

"காத்து எதிர்த் திசை. திரும்பி நின்னு இன்னொண்ணு போட்டேன், அலாஸ்காவே சொல்லிட்டு."

இசக்கிராஜா கத்தியைத் துடைக்கிற சாக்கில் சிரிப்பையும் துடைத்தான்.

"ரெண்டாவது சட்டம், கருத்துக்கணிப்பு. ஆயிரம் பேருக்குப் போன் போட்டுக் கேப்பான், அதுல ஒரு சதவீதமாவது நம்ம பேரைச் சொல்லணும். அன்னைக்குன்னு ஊரெல்லாம் பனி. கம்பி அறுந்து ஆயிரம் போனும் மக வீட்டுக்கே வருது. நான் விடுவனா? முதல் போனை எடுத்து," அண்ணாச்சியின் குரல் கீச்சென்று ஏறியது, "'நான் தொண்ணூறு வயசுக் கிழவி, என் ஓட்டு மிஸ்டர் செண்பகவேலுக்கே'ன்னேன். அடுத்ததுக்குப் போலீஸ்காரன்." குரல் குடத்துக்குள் இறங்கியது. "அடுத்து மாட்டுப் பண்ணைக்காரன். நடுவுல மாடு. ஆயிரமாவது போனுக்குக் கைக்குழந்தையா அழுதேன், அதையும் என் பேர்லயே எழுதிக்கிட்டான். மொத்தம் நூத்து நாலு சதவீதம்!"

"நூறுக்கு மேல எப்படிவே வரும்?"

"மிச்சம் நாலும் போன் போட்டவனுவளே போட்டது."

கொம்பையா பேப்பரை மடித்தே வைத்துவிட்டார். அதற்கு மேல் அண்ணாச்சியைப் பிடிக்க முடியவில்லை.

"மூணாவது சட்டம்தான் கடுசு. யாரு ஜெயிச்சாலும் அவனையே ஆதரிப்பேன்னு கையெழுத்துப் போடணும். என் கையெழுத்துதான் உமக்குத் தெரியுமே. சுழிச்சு, வாலை இழுத்து, கீழ ரெண்டு புள்ளி. வாலை இழுக்கேன், காகிதம் முடிஞ்சு போச்சு. மேசையில இழுக்கேன், மேசை முடிஞ்சு போச்சு. வாசலுக்கு இழுத்து, ரோட்டுல இழுத்து, புள்ளி ரெண்டும் அடுத்த மாநிலத்துலதான் வைக்க முடிஞ்சுது. அந்த மாநிலத்துக்காரன் அதையும் ஒரு ஆதரவுன்னு சேர்த்துக்கிட்டான்."

"மேடை ஏறினீரா, இல்லையா?"

"அதிக சதவீதம் வாங்கினவனை நட்டநடுவுல நிறுத்தணும், அது சட்டம். நான் பாவம், ஓரமா நின்னுட்டேன். 'ஐயா, நீங்க அசைய வேண்டாம்'னு மேடையையே நகர்த்தினான். மேடையை நகர்த்தினா கட்டடம் இடிக்குது. கட்டடத்தை நகர்த்தினா தெரு இடிக்குது. கடைசியில ஊரையே நகர்த்திட்டான். இன்னைக்கு வரைக்கும் அந்த ஊரு பழைய இடத்துக்குப் போகல. தபால்காரன் தேடிக்கிட்டு அலையுதான்."

"அந்த டிபேட்டை நானும் செல்போன்ல பார்த்தேன்," என்றார் கொம்பையா மெதுவாக. "ஒம்பது பேரு நின்னான். ஒருத்தன்கூட உம்ம ஜாடையில இல்லையே வே?"

அண்ணாச்சி கன்னத்தில் காய்ந்த நுரையைத் தடவிக்கொண்டார். "சொல்லுதேன், பறக்காதீரும். முதல்ல இவன் கையெழுத்தைப் போடட்டும்."

இசக்கிராஜா சிரித்துக்கொண்டே போட்டுவிட்டான். இருபது!

அந்த நேரம் பார்த்துக் கேபிள் டிவி ஸ்டெல்லா, கையில் படிவக் கட்டோடு உள்ளே வந்தாள். அண்ணாச்சி துண்டோடு எழுந்து, படிவத்தைத் தாம்பூலத் தட்டு மாதிரி இரண்டு கையாலும் நீட்டினார். ஸ்டெல்லா எண்ணினாள். தலையாட்டினாள். அப்புறம் கட்டிலிருந்து இன்னொரு படிவத்தை உருவி, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, போட்டிக்கு நிக்கவங்க இன்னொருத்தர் படிவத்துல கையெழுத்துப் போட்டிருந்தா தகுதி கிடையாது. படிவத்துலயே அச்சடிச்சிருக்கே?"

"நான் எவனுக்கும்மா போட்டேன்?"

"செருப்புக்கடை மைதீன் பிச்சைக்கு. முதல் கையெழுத்தே உங்களதுதான். வாலு ஏழாவது ஆளு மேல வரைக்கும் வந்திருக்கு. கீழ ரெண்டு புள்ளி."

அண்ணாச்சிக்குப் போன வாரம் நினைவுக்கு வந்தது. மைதீன் பிச்சையின் புதுக் கடைத் திறப்பு விழா. பிரியாணி முடிந்து கை கழுவி வந்ததும், "அண்ணாச்சி, பெரிய மனுஷன் கையெழுத்து முதல்ல விழணும்" என்று எதையோ நீட்டினான். வந்தவர்கள் வாழ்த்து எழுதும் நோட்டு என்று நினைத்து, படிக்காமல் கொள்ளாமல் இழுத்துவிட்டார்.

கொம்பையா வாயைத் திறக்குமுன் அண்ணாச்சி நெஞ்சை நிமிர்த்தினார்.

"வே கொம்பையா, அமெரிக்காவுல ஏன் டிவியில வரலன்னு கேட்டீருல்லா? இதான் வே! ஒம்பது பேரு மேடையில நின்னான்லா, அந்த ஒம்பது பேரு படிவத்துலயும் முதல் கையெழுத்து யாரு போட்டதுன்னு நினைச்சீரு?"

ஸ்டெல்லா கட்டை மடித்து இடுக்கிக்கொண்டாள்.

"வேணும்னா பார்வையாளரா வந்து உக்காருங்க அண்ணாச்சி. அதுக்குக் கையெழுத்து எதுவும் வேண்டாம்."

அண்ணாச்சி மறுபடி சலூன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நடு நாற்காலிதானம்மா?"

இசக்கிராஜா அவர் தலையைப் பிடித்துத் திருப்பி, மிச்சக் கன்னத்தில் கத்தியை வைத்தான். "இனி வாயை அசைக்காதீங்க அண்ணாச்சி."