நரிக்கு ஐந்தாவது கால்

"நரி வந்திருச்சு. ரெண்டு பேரும் மூச்சு விடக்கூடாது," என்றது அப்பா முள்ளம்பன்றி.

அதெல்லாம் நடக்கிற காரியமா? பொட்டுவும் சில்லுவும் பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. முதுகு முள் இன்னும் மெத்தென்றுதான் இருந்தது. அம்மா கிழங்கு தோண்டப் போயிருந்தது. அந்த மேட்டில் பத்துப் பதினைந்து வளைகள். குட்டிகள் எதில் இருக்கின்றன என்று நரிக்குத் தெரியாது. சத்தம் கேட்டால் தெரிந்துவிடும். வளைக்கு வாசல் இரண்டு. அப்பா ஒன்றை அடைத்து நின்றால் நரி மற்றதில் நுழையும்.

"எனக்கு வெளிய போகணும்," என்று சிணுங்கியது சில்லு.

அதே வளையில் ஓரமாகக் குடியிருந்த உடும்பு தணிந்த குரலில் எரிந்து விழுந்தது. "யோவ், ஒரு அதட்டு அதட்டு. தானா வாயை மூடும்."

அப்பாவும் அதட்டப் போனது. கோபத்தில் உடம்பு சிலிர்த்தது. அவ்வளவுதான், வால் முட்கள் சலசலவென்று ஆடின. மேலே நரியின் காலடி சட்டென்று நின்றது.

முள்ளம்பன்றியால் சத்தமில்லாமல் கோபப்பட முடியாது. அப்போதுதான் அப்பாவுக்கு அது உறைத்தது.

வேறு அப்பாவாக இருந்தால் பதறியிருக்கும். இது உட்கார்ந்தது. மூலையில் கிடந்த நாவல் பழங்களை நசுக்கியது. உதிர்ந்த முள் ஒன்றைச் சாற்றில் தோய்த்தது. வாசல் வெளிச்சம் விழுந்த மண்சுவரில் ஒரு வட்டம் போட்டது.

"இது என்னப்பா?" சில்லு மெதுவாகக் கேட்டது.

"தெரியல. நீயே சொல்லு."

"நம்ம அம்மா." சில்லு முள்ளைப் பிடுங்கி, வட்டத்தைச் சுற்றிக் கோடு கோடாக இழுத்தது.

பொட்டுவுக்கு முள் பிடிக்க வரவில்லை. பாதத்தைச் சாற்றில் முக்கிச் சுவரில் அப்பியது. அப்பா அந்தத் தடத்துக்கு இரண்டு காது வரைந்தது. பொட்டு மூக்கு வைத்தது. சிணுங்கல் போன இடம் தெரியவில்லை.

சில்லு நரியை வரைந்தது. உடும்பு எட்டிப் பார்த்தது. "நரிக்கு ஏது அஞ்சு கால்?"

"சீக்கிரம் ஓடிப் போகட்டும்னு ஒண்ணு கூட வெச்சேன்," என்று கிசுகிசுத்தது சில்லு.

சிரித்தாலும் முள் குலுங்கும். அப்பா பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டது.

மேலே நரி காத்துக் காத்துப் பார்த்தது. ஒரு சத்தமும் இல்லை. அது அடுத்த வளையை மோந்துகொண்டிருந்தபோது அம்மா வந்தது. முட்களை விரித்துப் பின்பக்கமாகவே பாய்ந்தது. மூக்கில் இரண்டு முட்களோடு நரி ஊளையிட்டபடி ஓடியது.

உள்ளே வந்த அம்மா சுவரைப் பார்த்தது. பிறகு குட்டிகளைப் பார்த்தது. தலையிலிருந்து கால்வரை ஊதா.

"நல்லாத்தான் பாத்துக்கிட்டீங்க," என்றது. குரலில் பெருமைதான் இருந்தது.

"அதெல்லாம் சரி," என்றது உடும்பு. "பிள்ளை தப்பாப் படிச்சுக்கப் போகுது. அந்த அஞ்சாவது காலை அழிச்சிரு."

"ம்," என்றது அப்பா.

பிள்ளைகளை அமைதியாக வைக்க அதட்டல் தேவையில்லை, கூட உட்கார்ந்து தன் கையையும் அழுக்காக்கிக்கொண்டால் போதும் என்று தெரிந்துகொண்ட அந்த அப்பா, அந்தக் காலை இன்றுவரை அழிக்கவில்லை.