சிவப்பு விளக்குக்கு வைத்த பொட்டு

“வண்டி செத்துப்போச்சு சாமி. கொன்னது நீங்கதான்.”

மடமே அரண்டுபோனது. சிற்றம்பல அடிகளிடம் அதுவரை யாரும் குரலை உயர்த்தியதில்லை.

உயர்த்தியவள் தெய்வானை. அவருடைய சிஷ்யை. மடத்து வேனை ஓட்டி மலையடிவார ஊர்களுக்கு மதியச் சோறு கொண்டுபோகிறவள். அன்று வேன் பாதி வழியில் நின்றுவிட்டது. சோற்றை யாருடைய டிராக்டரிலோ ஏற்றி அனுப்பிவிட்டு, கொதிப்போடு திரும்பி வந்திருந்தாள்.

அடிகள் நெஞ்சைத் தடவிக்கொண்டே கேட்டார். “என்ன ஆச்சு?”

“எஞ்சின்ல சொட்டு ஆயில் இல்ல. உள்ள எல்லாம் தேஞ்சு இறுகிடுச்சு. மெக்கானிக் கைய விரிச்சுட்டார்.”

“ஆயில் குறைஞ்சா சிவப்பு விளக்கு எரியுமே?”

“எரிஞ்சுது. வளைவுக்கு வளைவு எரிஞ்சுது.”

“நீ பார்க்கலையா?”

“பார்த்தேன். ‘தொந்தரவு பண்றதைப் பார்க்காதே, உன் வேலையைப் பாரு’ன்னு தினமும் சொல்றது யாரு? ஆயுத பூஜைக்கு அந்த விளக்கு மேலயே சந்தனத்தை அப்பி, குங்குமம் வச்சேன். அப்புறம் மனசு நிம்மதியா இருந்துச்சு.”

யாரோ சிரித்தார்கள். அவள் திரும்பி முறைத்தாள். சிரிப்பு நின்றது.

“பைத்தியக்காரத்தனம்,” என்றார் அடிகள். “நான் சொன்னது மனசுக்கு. இரும்புக்கு இல்ல.”

“உடம்புக்கு?”

தடவிக்கொண்டிருந்த கை நின்றது.

“படி ஏறினா மூச்சு வாங்குது. சாப்பாடு இறங்க மாட்டேங்குது. எந்நேரமும் கை நெஞ்சுலயே இருக்கு. என்னன்னு கேட்டா, ‘அதைப் பார்க்காதே’ங்கறீங்க.”

“எதிர்த்துப் பேசாதே. சாயங்காலம் உபதேசம் இருக்கு. வழியை விடு.”

“விடமாட்டேன்.” வாசற்படியில் கால் அகட்டி நின்றாள். “வேணும்னா மடத்தைவிட்டு விரட்டுங்க, போறேன். அந்த வண்டிக்காக ரோட்டுல உக்காந்து அழுதேன். உங்களுக்காகவும் அப்படி அழ என்னால முடியாது. ஆட்டோ நிக்குது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க.”

மற்ற சிஷ்யர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். இன்றோடு தெய்வானை கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

அடிகள் வாசற்படி வரை வந்தார்.

“ஆட்டோவுல ஆயில் இருக்கா?”

“பார்த்துட்டுத்தான் கூட்டிட்டு வந்தேன்.”

அவர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டார்.

“சீக்கிரம் போகச் சொல்லு. ரொம்ப வலிக்குது.”