கரை ஏறிய குற்றம்

கதையை மட்டும் கேட்டுவிட்டு எழுந்து போய்விடாதீர்கள். கடைசியில் தீர்ப்பு உங்களிடம்தான் வரும். அதற்கு வேண்டியதையெல்லாம் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

முத்தலை என்கிற துறைமுக ஊரில் அலை தொடும் ஈர மணல் கடலுக்குச் சேர்ந்தது. காய்ந்த மணல் ஊருக்குச் சேர்ந்தது. கடலில் எதை யார் கண்டெடுத்தாலும் காய்ந்த மணலில் கொண்டுவந்து வைத்து, கரைக்காவலன் கையில் ஒப்படைக்கும்வரை பக்கத்திலேயே இருக்க வேண்டும். உள்ளூர்க்காரன், வெளியூர்க்காரன் என்ற பேச்சே இதில் கிடையாது.

இன்னொரு சட்டமும் உண்டு. நாடுகடத்தப்பட்டவன் மறுபடி ஊர் மண்ணை மிதித்தால் ஏழு வருடம் சிறை.

சுங்க அதிகாரியை அடித்ததற்காக நாடுகடத்தப்பட்ட சேந்தன், எதிர்த்தீவில் மீன்பிடித்துப் பிழைத்துவந்தான். ஒருநாள் காலை சூறைக்காற்றில் கரைக்காவலன் எயினனின் படகு கவிழ்ந்தது. சேந்தன் நீந்திப்போய் அவனை இழுத்துவந்தான். காய்ந்த மணலில் கிடத்தி, குடித்த நீரைக் கக்கவைத்தான். சேந்தனின் மனைவி நாச்சி இருந்த வீடு கூப்பிடு தூரம்தான். அந்தப் பக்கம் அவன் திரும்பக்கூட இல்லை. எயினன் கண் திறந்தான். திறந்ததும் சேந்தனின் கையை இறுகப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, உசிரக் குடுத்தது நீங்கதான். ஆனா நீங்க உக்காந்திருக்கிறது ஊர் மண்ணு."

"பொழச்சதும் வேலையப் பாக்குற. நல்லா இருடா," என்றான் சேந்தன்.

எயினன் அவனை நீதிபதியிடம் கொண்டுபோய், நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னான். நீதிபதி ஏழு வருடம் விதித்தார். நாச்சி அரசியிடம் மேல்முறையீடு செய்தாள்.

அங்கேயும் நீதிபதி விட்டுக்கொடுக்கவில்லை. "காப்பாற்றியது நல்ல காரியம்தான், அரசியாரே. மணலில் கிடத்திய கையோடு கடலுக்குத் திரும்பியிருக்கலாமே? காவலன் கண் திறக்கும்வரை இவன் ஏன் உட்கார்ந்திருந்தான்?"

நாச்சி சிரித்துவிட்டாள். "அதச் சொல்லத்தான் தாயி நான் வந்ததே."

அவள் என்ன சொல்லியிருப்பாள்? சேந்தன், எயினன், நீதிபதி, இவர்களில் யார் செய்தது சரி? யார் தவறினார்?

விடை: கண்டெடுத்ததைக் காவலனிடம் ஒப்படைக்காமல் போகக் கூடாது. சேந்தன் கண்டெடுத்ததே காவலனைத்தான்! அவன் கண் திறந்தால்தானே ஒப்படைக்க முடியும்? ஒப்படைத்த நொடியே கை பிடிபட்டது. பிறகு எங்கே திரும்பிப் போவது? சேந்தன் செய்தது சரி. உள்ளதை உள்ளபடி சொன்ன எயினன் செய்ததும் சரி. ஒரு சட்டத்தைப் பார்த்து இன்னொன்றை மறந்த நீதிபதிதான் தவறினார். அரசி தண்டனையை நீக்கினாள். நாடுகடத்தல் மட்டும் அப்படியே நின்றது. இந்த முறை வீட்டைப் பூட்டிக்கொண்டு நாச்சியும் படகேறினாள்.

ஈர மணல்வரை வந்த எயினன், "இனிமே இந்தப் பக்கம் வந்துடாதீங்கண்ணே," என்றான்.

"நீ தண்ணியில விழாம இரு," என்றான் சேந்தன்.