நல்ல நேரம் இல்லாத தாள்

மலையடிவாரத்தில் ஒரு சித்தர் அடங்கிய இடம். அதை ஒட்டி ஒரு சின்ன மடம். மத்தியானம் யார் வந்தாலும் அங்கே சோறு உண்டு.

மடத்தைப் பார்த்துக்கொண்ட வேலப்ப சாமிக்கு நாற்பது வயதுகூட இருக்காது. அவரிடம் உபதேசம் வாங்கிக்கொண்டு, அங்கேயே சமையல்கட்டில் காய் நறுக்கிக் கொடுத்த பூரணத்தம்மாளுக்கு அறுபத்திரண்டு. அவள் அவரை "சாமி" என்பாள். அவர் அவளை "அம்மா" என்பார்.

சித்திரையில் பூரணத்துக்கு மகனிடமிருந்து கடிதம் வந்தது. மூன்று வருஷத்துக்கு முன் அவன் தனக்குப் பிடித்த பெண்ணைக் கட்டிக்கொண்டு ஓசூர் போய்விட்டான். அன்றிலிருந்து இவள் அவன் போனை எடுப்பதில்லை. அதனால்தான் கடிதம்.

"அம்மா, எனக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறாள். பேர் நீதான் சொல்ல வேண்டும். அதுவரை பாப்பா என்றே கூப்பிடுகிறோம்."

படித்துவிட்டு அழுதாள். கடிதத்தை முருகன் படத்துக்குப் பின்னால் வைத்தாள். விளக்கேற்றும்போதே பேரும் மனசில் வந்துவிட்டது. பதில்தான் போகவில்லை.

"பதில் போட்டாச்சாக்கா?" தேங்காய் துருவிக்கொண்டே கேட்பாள் கூட வேலை செய்யும் சொர்ணம்.

"கத்திரி வெயில் கழியட்டும்."

வைகாசியில் கேட்டாள்.

"பங்காளி வீட்டுச் சாவு. தீட்டுப் போகட்டும்."

ஆனியில் கேட்டாள்.

"வளர்பிறை வரட்டும்." வளர்பிறை வந்தது. எழுத உட்கார்ந்த அன்று கரிநாள்.

ஆடி பிறந்தது.

"ஆடியில யாராவது நல்ல காரியம் தொடங்குவாங்களாடி?"

"நீங்க நாள் பார்த்து முடிக்கிறதுக்குள்ள அந்தப் பாப்பாவுக்கே ஒரு பாப்பா பிறந்துரும்க்கா. ரெண்டுக்கும் சேர்த்து ஒரே செலவா பேர் வச்சிரலாம்!"

சமையல்கட்டே சிரித்தது. பூரணமும் சிரித்தாள். ஆனால் பூசணிக்காயில் இறங்கிய கத்தி அப்படியே நின்றுவிட்டது.

ஆடி இருபத்தேழாம் தேதி இரண்டாவது கடிதம் வந்தது. உள்ளே ஒரு போட்டோ. மொட்டைத் தலையோடு குழந்தை தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது.

"பாப்பா என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறாள். ஆவணி பிறந்ததும் பேர் வைத்துவிடலாம் என்று இருக்கிறோம். உனக்கு மனம் இல்லை என்றால் நாங்களே ஒன்று வைத்துக்கொள்கிறோம் அம்மா."

மறுநாள் காலையில் பூரணம் சாமியிடம் போனாள். மடத்துச் சுவரில் தேதி கிழிக்கிற காலண்டர் ஒன்று உண்டு. சாமி முந்தின நாள் தாளைக் கிழித்துக் கம்பியில் குத்திக்கொண்டிருந்தார். அந்தத் தாள்களின் வெறும் பக்கத்தில்தான் மளிகைச் சாமான் எழுதிக் கடைக்குக் கொடுப்பார்கள்.

"சாமி, தள்ளிப்போடுற புத்தியை எப்படி விடறது?"

"எதைத் தள்ளிப்போட்டீங்க?"

இரண்டு கடிதங்களையும் நீட்டினாள். அவர் நிதானமாகப் படித்தார். போட்டோவைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஆவணிக்கு இன்னும் நாலஞ்சு நாள்தான் இருக்கு. அதுக்குள்ள நல்ல நாளா ஒண்ணு பார்த்துச் சொல்லுங்க சாமி. அன்னைக்குக் கட்டாயம் எழுதிடுறேன்."

சாமி கம்பியை ஆணியிலிருந்து எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

"கடைக்குப் போனது போக, சித்திரையிலிருந்து கிழிச்சது இதுல கிடக்கு. நல்ல நேரம்னு போடாத தாள் ஒண்ணே ஒண்ணு எடுத்துட்டு வாங்கம்மா. அப்புறம் நாள் பார்ப்போம்."

பூரணம் கிணற்றடியில் உட்கார்ந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள். கத்திரி வெயில் நாட்கள் வந்தன. ஒவ்வொன்றிலும் நல்ல நேரம் போட்டிருந்தது. தீட்டு நாட்கள் வந்தன. போட்டிருந்தது. அந்தக் கரிநாளும் வந்தது. ராகு காலத்துக்கும் எமகண்டத்துக்கும் பக்கத்தில், அதற்கும் ஒரு மணி நேரம் போட்டிருந்தது. முதல் கடிதம் வந்த நாளின் தாளும் கிடைத்தது. நல்ல நேரம், காலை ஒன்பதே காலிலிருந்து பத்தே கால். அந்த நேரத்தில்தான் தபால்காரர் வந்து கூப்பிட்டார். கை ஈரத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டு அவள் ஓடியது நினைவுக்கு வந்தது.

கடைசித் தாள்வரை பார்த்துவிட்டு எழுந்தாள்.

"கிடைச்சுதாம்மா?"

"இல்ல சாமி."

அவர் கம்பியை வாங்கி ஆணியில் மாட்டினார். அவளே சொன்னாள்.

"நாள் பார்த்ததெல்லாம் சும்மா சாமி. முதல் வாரமே எழுதியிருந்தா பேரோட முடிஞ்சிருக்கும். இப்போ, இத்தனை நாள் ஏன் எழுதலைன்னும் எழுதணும். கல்யாணத்துக்குப் போகாததை எழுதணும். போன் எடுக்காததை எழுதணும். அந்தப் பொண்ணுகிட்ட மன்னிப்புக் கேக்கணும். எங்கே ஆரம்பிக்கிறதுன்னு தெரியாம, நாளைக்குப் பார்க்கலாம்னு எந்திரிச்சிடுறேன். மறுநாள் அது இன்னும் ஒரு நாள் கனமாயிடுது."

சாமி எழுந்தார். சுவரிலிருந்த காலண்டரில் அன்றைய தாளைப் பிடித்து ஒரே இழுப்பாகக் கிழித்தார்.

சமையல்கட்டு வாசலிலிருந்து சொர்ணம் கத்தினாள். "ஐயோ சாமி! அது இன்னைக்குத் தேதி. இன்னும் உலைகூடக் கொதிக்கலை, அதுக்குள்ள கிழிச்சுட்டீங்களே!"

"தபால்காரர் சாப்பிட வர்றதுக்குள்ள வேணும்," என்றார் சாமி.

தாளைத் திருப்பி, வெறும் பக்கம் மேலே இருக்கும்படி பூரணத்தின் முன்னால் வைத்தார். மளிகை எழுதும் பென்சிலை அதன் மேல் வைத்தார்.

பூரணம் பென்சிலை எடுத்தாள். தாளைப் பார்த்தாள். சாமியைப் பார்த்தாள்.

"உள்ளங்கை அகலம்தான் இருக்கு சாமி. அவ்வளவையும் எழுத இதுல இடம் பத்தாதே."

"பேருக்குப் பத்தும்மா."