ஊமத்தை வேரில் காய்த்த தக்காளி

காட்டுக் குளத்தின் கரையில் தவிட்டி என்ற முயலும் ஊசியன் என்ற முள்ளம்பன்றியும் அடுத்தடுத்த வளைகளில் வசித்தார்கள்.

தவிட்டிக்குக் காலில் முள் தைத்துச் சீழ் வைத்திருந்தது. அவளால் இரை தேடப் போக முடியவில்லை. வளை வாசலில் தானாக முளைத்த தக்காளிச் செடிதான் அவளுக்கு ஆதரவு. அடைமழையில் அதன் வேரும் அழுகத் தொடங்கியது.

"அழாதே! செடியை நான் பிழைக்க வைக்கிறேன்" என்றான் ஊசியன்.

பக்கத்தில் ஓர் ஊமத்தைச் செடி எந்த மழைக்கும் அசையாமல் நின்றது. ஊசியன் அதன் தலையைக் கடித்து எறிந்தான். தண்டைப் பிளந்தான். தக்காளியின் கொழுந்து ஒன்றைச் சீவி அதில் செருகி, நாரால் இறுகக் கட்டினான்.

மரத்திலிருந்து மைனா கத்தினாள். "ஊசியா! ஊமத்தை விஷச் செடி ஆயிற்றே!"

"வேர்தானே ஊமத்தை? காய்க்கப்போவது தக்காளிதானே!"

ஒட்டு பிடித்தது. செடி தழைத்தது. அதுவரை ஊசியன் தினமும் கிழங்கு தோண்டி வந்து தவிட்டிக்குக் கொடுத்தான். முதல் பழம் சிவந்ததும் அதைக் கவ்விக்கொண்டு ஓடினான்.

தவிட்டி ஆசையாகத் தின்றாள். சற்று நேரத்தில் அவள் நாக்கு வறண்டது. கண்மணிகள் அகல விரிந்தன.

"ஐயோ, குளம் பறக்கிறதே!" என்று பிதற்றினாள்.

ஊசியனுக்கு அப்போதுதான் புரிந்தது. ஊமத்தை வேரில் ஊறிய விஷம் தண்டு வழியே ஏறிப் பழத்திலும் சேர்ந்திருந்தது! அவன் இலையில் தண்ணீர் ஏந்தி வந்து அவள் உதட்டை நனைத்தான். தன் முள் அவள்மேல் படாமல் சற்றுத் தள்ளி உட்கார்ந்து, இரண்டு நாள் கண்விழித்துக் காத்தான்.

மூன்றாம் நாள் தவிட்டி தெளிந்தாள்.

"என்னால்தான் உனக்கு இந்தக் கதி! இனி உன் வாசலுக்கே வரமாட்டேன்" என்று விம்மினான் ஊசியன்.

"நீ வராவிட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்? போ, வேறு வேரில் ஒட்டிக் கட்டு!"

ஊசியன் அந்தச் செடியைப் பிடுங்கிப் புதைத்தான். நேரே மைனாவிடம் போனான்.

"எந்த வேர் நல்லது, சொல்லு!"

"சுண்டைச் செடி. அதன் காயை நாங்கள் எல்லோரும் தின்கிறோமே!"

காடெல்லாம் தேடி வேறொரு தக்காளிக் கொழுந்து கொண்டுவந்து சுண்டையில் ஒட்டினான். பழம் பழுத்ததும் முதலில் தானே தின்றான். ஒரு நாள் முழுக்கப் பொறுத்துப் பார்த்தான். ஒன்றும் ஆகவில்லை. பிறகுதான் அடுத்த பழத்தைத் தவிட்டியிடம் நீட்டினான்.

"எவ்வளவு ருசி! இதை ஏன் நேற்றே கொண்டுவரவில்லை?" என்று கேட்டாள் அவள், சாறு வழிய வழிய.

அன்போடு கொடுத்தால் மட்டும் போதாது. கொடுப்பது நல்லதுதானா என்று ஆராய்ந்தும் கொடுக்க வேண்டும்.